ஊர்ச் சபையும் குழந்தைகளுக்கான கணக்கும்

நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாற்றுக்குச் செல்லும் வழியில் திருப்புறம் என்னும் ஊர் உள்ளது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று தொட்டுப் பழகும் நிலத்தில் அமைந்த கிராம ஊராட்சி அது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை; அங்கே தொடங்குகிறது தமிழ்நாடு.

இவ்வூராட்சியிலும் ஆண்டுதோறும் நிதியாண்டு பிறக்குமுன் வரவு செலவுத் திட்டம் அவைமுன் வைக்கப்படுகிறது. வைப்பவர் தலைவரல்லர், நிதி நிலைக்குழுவின் தலைவராகிய துணைத் தலைவர். அங்கன்வாடிக் குழந்தைகளின் ஊட்டுணவு, தொடக்கப் பள்ளியின் கூரை, உடற்குறையுடைய சிறுவர்க்கு உதவி, முதியோர் நலம் ஆகியவை அதில் தனித்தனி இனங்களாக நிற்கும். ஓர் ஊரின் சபை தன் சிறுவர்க்கு இவ்வளவு செலவிடுவோம் என்று எழுதி, எழுதியதைப் பலர் அறிய ஆராயும் இம்முறைக்கு இப்பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றைத்தான் இங்கு நாம் காணப் புகுகிறோம்.

திருப்புறத்திலிருந்து எல்லையைக் கடந்து சற்றுத் தெற்கே சென்றால் முஞ்சிறையும் பார்த்திவபுரமும் வரும். இவை பண்டை ஆய் நாட்டு ஊர்கள். ஆய் மன்னரின் தலைநகராயிருந்த விழிஞமும் இதே கடற்கரையில்தான் இருக்கிறது. கி.பி. 866இல் ஆய் வேந்தன் கோக்கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தைப் பெற்று, அதற்கு மாற்றாக வேறு நிலம் கொடுத்து, அங்கே திருமால் கோயில் ஒன்றை எடுப்பித்தான். அக்கோயிலோடு 95 சட்டர்களுக்கு ஒரு சாலையையும் நிறுவினான். சட்டர் என்பார் மாணவர். சாலை என்பது உண்டியும் உறையுளும் கல்வியும் ஒருங்கே தரும் நிலையம். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு இது அமைந்ததென்று தமிழில் எழுதப்பெற்ற அதன் செப்பேடு கூறுகிறது.

அச்செப்பேட்டைப் படிக்குந்தோறும் நமக்கு வியப்பளிப்பது அதன் கணக்குத்தான். 95 இடங்களில் 45 ஒரு வேதப் பிரிவினர்க்கு, 36 இன்னொரு பிரிவினர்க்கு, 14 மூன்றாம் பிரிவினர்க்கு எனப் பங்கிட்டு எழுதியிருக்கிறார்கள். எந்தச் செலவுக்கு எந்த நிலத்தின் விளைவு என்பதும், சேரத்தகுந்தவர்க்கு வேண்டிய புலமையும், தீயொழுக்கத்துக்குரிய தண்டமும், கூட்டத்துக்குள் படைக்கலம் கொண்டு வரலாகாது என்ற தடையும் அதில் உள்ளன. அரசன் உவந்து ஈந்த அறமேயாயினும், எண்ணும் எழுத்துமாகப் பொறிக்காமல் அதனை அக்காலத்தார் விட்டுவிடவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் வராதவர் எத்தனை பேர்! 95 பேரும் வேதம் ஓதும் குலத்துச் சிறுவர். சாலைக்கு நெல் விளைவித்த குடிகளின் மக்கள் அதில் இடம்பெறவில்லை. பழைய சபைகளைப் புகழும்போது இதனை மறைப்பது நேர்மையன்று. அவற்றின் சிறப்பு யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில் இல்லை. கொடுப்பதைக் காத்த முறையில் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) நேயர்கள் நன்கறிவார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்லன், அவன் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அச்சபை தனக்குத்தானே விதித்துக்கொண்டது. சேர நாட்டிலும் அவ்வாறே. சபையார் கூடிச் செய்த தீர்மானத்துக்குக் கச்சம் என்று பெயர். மூழிக்களத்தில் செய்யப்பட்ட கச்சம் பிற ஊர்களின் சாசனங்களில் முன்மாதிரியாகச் சுட்டப்பட்டது. கோயில் பொருளுக்குக் கேடு விளைவிக்கும் சபையாருக்கே தண்டம் கூறும் விதிகள் அவை.

இடைக்காலம் முழுவதையும் இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய் 1817இல் ஓர் ஆணை பிறப்பித்தார். குடிமக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்பது அதன் கருத்து. இந்திய வரலாற்றில் பெருமையோடு குறிக்கத்தக்க வாக்கு அது. ஆயினும் அந்தச் செலவு எந்த ஊரில், எந்தச் சிறுவனுக்கு, எவ்வளவு என்று கேட்கும் உரிமை ஊராருக்கு இருக்கவில்லை. 1888இல் சட்ட ஆலோசனைச் சபையும் 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் தோன்றின. பிரஜா சபையில் குறைகளை எடுத்துரைக்கலாம். திவான் கூறும் வரவு செலவு விவரத்தைக் கேட்கலாம். அதை மறுக்கவோ மாற்றவோ அதற்கு அதிகாரமில்லை.

அதிகாரமில்லாத அந்த அவையிலும் கல்விக் கணக்கை உலுக்கியவர் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஒருவரே. வெங்ஙானூரில் 1863இல் பிறந்த ஐயன்காளி எழுத்தறியாதவர். தம் இனத்துப் பிள்ளைகளுக்காக 1904இல் அவர் எழுப்பிய பள்ளியைப் பகைவர் தீக்கிரையாக்கினர். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளரைத் திரட்டி அவர் நடத்திய வேலைநிறுத்தம் நிலவுடைமையாளரைத் திணறச் செய்தது. அரசாங்கம் சேர்க்கைக்கு ஆணையிட்ட பின்னும், ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அவர் அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டது. பள்ளிக்கே தீ வைத்தார்கள். கருவூலத்திலிருந்து பணமும் வந்தது, ஆணையும் வந்தது. ஆனால் வகுப்பறைக்குள் அந்தச் சிறுமி அமர இடம் கிடைக்கவில்லை. 1911ஆம் ஆண்டின் இறுதியில் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்ட ஐயன்காளி அங்கே நிலமும் கல்வியும் கேட்டு இடைவிடாது வாதாடினார். சபை கூடிய அந்த மண்டபம் 2019 முதல் அவர் பெயரால் வழங்குகிறது. வரவு செலவுத் திட்டத்தின்மீது வாக்களிக்கும் உரிமை சட்ட சபைக்கு வந்தது 1921ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால்தான்.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் ஊராட்சிகள் நெடுங்காலம் தெருவிளக்கோடும் ஊர்ப்பாதையோடும் நின்றன. 1993இல் அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது; 1994இல் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் அதைப் பின்தொடர்ந்தது. 1996 ஆகஸ்டு 17ஆம் நாள் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு விடப்படும் என அரசு அறிவித்தது. ஒவ்வோர் ஊராட்சியும் தன் வளர்ச்சி அறிக்கையை எழுத வேண்டும். அதில் அவ்வூரின் வரலாறும் ஓர் அத்தியாயமாக அமைய வேண்டும் என்ற ஏற்பாடு நமக்குப் பெரிதும் உவப்பானது. பெண்களுக்கான திட்டங்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்குவது கட்டாயமாயிற்று. குழந்தைகள், உடற்குறையுடையோர், முதியோர் ஆகியோருக்கும் பின்னர்த் தனிப்பங்கு வகுக்கப்பட்டது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் உரிய தொகை மாநில வரவு செலவுத் திட்டத்தின் நான்காம் பின்னிணைப்பில் ஊர்ப் பெயரோடு அச்சாகிறது. திருப்புறத்துக்கு எவ்வளவு என்பதை அவ்வூர்க்காரர் எவரும் எடுத்துப் பார்க்கலாம். அமைச்சரின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதனால் விளைந்த நன்மைக்கு ஐயன்காளியின் ஊரே ஒரு சான்று. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக ஊராட்சிகள் நடத்தும் 'பட்ஸ்' பள்ளிகளில் முதலாவது 2004இல் வெங்ஙானூரில்தான் தொடங்கியது. பின்னர் அது மாநிலமெங்கும் பரவிற்று. பெருநகரத்து நிறுவனங்களுக்கு அனுப்பவோ, வீட்டுக்குள் அடைத்து வைக்கவோ அன்றி வேறு வழியறியாத பெற்றோருக்கு ஊரின் வரவு செலவுத் திட்டத்திலேயே ஓர் இனம் கிடைத்தது.

குறையும் உண்டு. கிராம சபை கூட அவ்வார்டின் வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வர வேண்டும். ஆட்டுக்கும் கோழிக்கும் வீட்டு உதவிக்கும் பயனாளிகளைத் தெரிந்தெடுக்கும் நாளில் கூட்டம் நிறைகிறது. சென்ற ஆண்டு செலவானது எவ்வளவு, செலவாகாமல் திரும்பியது எவ்வளவு என்று வாசிக்கையில் பின்வரிசைகள் வெறுமையாகின்றன. செலவாகாத தொகையைப் பற்றிக் கேட்பதே நம் கருத்தில் தலையாய கேள்வி. திட்டத்தில் ஏறிய தொகை நிதியாண்டு முடிவில் அப்படியே நின்றுவிட்டால், ஏட்டில் மட்டும் குழந்தை உண்டிருக்கும்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். அங்கன்வாடியின் பதிவேட்டில் ஏறுவது அவ்வெல்லைக்குள் வாழும் குழந்தையின் பெயர்; பெற்றோர் எந்த ஊரிலிருந்து வந்தவரானாலும் அதற்குத் தடையில்லை. கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்பதற்கோ, அவ்வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கேரளத்தில் உள்ளாட்சிக்கான பட்டியலை மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாகத் தயாரிக்கிறது. சட்டமன்றத் தேர்தல் பட்டியலில் பெயர் இருப்பதனால் மட்டும் இதில் பெயர் வந்துவிடாது. அவ்வூரிலேயே வாழ்ந்து வரும் 18 வயது நிறைந்தோர், பட்டியல் திருத்தும் காலத்தில் விண்ணப்பித்துப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.