அறிவியல் ஆசிரியரை எந்தக் கல்லூரி உருவாக்குகிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை மலைக்கோட்டையை 1791-ல் மேஜர் கவுடி தலைமையில் வந்த கும்பினிப் படை திப்புவிடமிருந்து பிடித்தது. மறுவருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் சீமை கைமாறியது. அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து குடியானவனோடு நேரடியாக வரி பேசும் முறையை இந்த மண்ணில்தான் அவர் கற்றுக்கொண்டார். நிர்வாக வரலாற்றில் மன்றோ என்றாலே ரயத்துவாரிதான் நினைவுக்கு வரும். ஆனால் சென்னை மாகாண கவர்னராக அவர் செய்த இன்னொரு வேலை இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 1822-ல் எல்லாக் கலெக்டர்களிடமும் அவர் பள்ளிக் கணக்கு கேட்டார். 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில் அதைத் தொகுத்தார்: 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது சற்று முந்தைய கால ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் வெட்கப்படும் கணக்கல்ல என்பதை அவரே உணர்ந்திருந்தார். குறை வாத்தியாரிடம் இருப்பதாக அவர் நினைத்தார். வருமானம் போதவில்லை, போதிய கல்வியும் இல்லை. எனவே ஆசிரியர்களைத் தயாரிக்கச் சென்னையில் ஒரு பள்ளி, கலெக்டரேட் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய் என்று திட்டம் போட்டார். அடுத்த ஆண்டே காலராவில் இறந்துபோனார். 1836-ல் தாசில்தாரிப் பள்ளிகளும் மூடப்பட்டன.

திட்டம் கலைந்தாலும் அதன் மையக் கருத்து சரியானது. ஆசிரியர் எதைக் கற்பிக்கப்போகிறாரோ அதையும், எப்படிக் கற்பிப்பது என்பதையும் ஒரே இடத்தில், ஒரே பொறுப்பில் கற்க வேண்டும் என்பதே அது. அதற்குப் பின் வந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நம் பல்கலைக்கழகங்கள் இந்த இரண்டையும் பிரித்து வைத்தன. இந்தப் பிரிவினையால் மற்ற எல்லாரையும்விட அதிகம் நஷ்டப்பட்டவர் அறிவியல் ஆசிரியர்தான் என்பது என் வாதம்.

பிரிவினை எப்படி வந்தது என்று பார்க்கலாம். 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பிறகு, 1856-ல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கியது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாகப் பெயர் பெற்றது அதுவே. 1882-ல் ஹன்டர் குழு கணக்கெடுத்தபோது உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரி இந்தியா முழுவதிலும் சென்னை, லாகூர் என இரண்டே இரண்டு. 1886-ல் சென்னைப் பல்கலைக்கழகம் கற்பித்தலுக்கான எல்.டி. பட்டத்தை ஏற்படுத்தியது. 1904-ல் கர்சன் அரசின் கல்வித் தீர்மானம், பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி போதும் என்று வகுத்தது. எல்.டி. பிறகு பி.டி. ஆனது, பி.டி. பிறகு பி.எட். ஆனது. இன்றும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியருக்குப் பெயர் பி.டி. அசிஸ்டென்ட்தான். ஓராண்டு என்ற அளவு மட்டும் 2015 வரை அசையவில்லை. கர்சன் காலத்தில் அது நியாயமான ஏற்பாடு. பட்டதாரிகளே அரிது, உயர்நிலைப் பள்ளிகளும் சில. ஒரு நெருக்கடிக்குப் போட்ட ஏற்பாடு காலம் மாறிய பிறகும் விதியாக நின்றுவிட்டதுதான் பிரச்சினை.

இதன் விளைவு வகுப்பறையில் எப்படித் தெரிகிறது என்பதற்கு எட்டாம் வகுப்பு மின்சுற்றுப் பாடம் போதும். ஒரு பேட்டரியில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைக்கப் போவதாகச் சொல்லி, எது பிரகாசமாக எரியும் என்று பிள்ளைகளைக் கேட்டால், பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் என்று பலர் சொல்வார்கள். முதல் பல்பு கரண்டைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்பது அவர்கள் மனதிலுள்ள படம். பி.எஸ்சி. இயற்பியலில் கிர்க்காஃப் விதியைக் கரைத்துக் குடித்தவருக்கு இந்தப் படம் இருப்பதே தெரியாது. தொடர்ச்சுற்றில் மின்னோட்டம் சமம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். பி.எட். வகுப்பில் வினா கேட்கும் திறன், வலுவூட்டும் திறன் என்று நுண்நிலைக் கற்பித்தலில் ஐந்தாறு நிமிடம் சக மாணவர்கள் முன் நடித்துக் காட்டியவருக்கு, எந்த வினாவைக் கேட்டால் அந்தப் படம் வெளியே வரும் என்பது தெரியாது. 1986-ல் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன், பாட அறிவும் கற்பித்தல் அறிவும் கலந்த மூன்றாவது ஓர் அறிவு ஆசிரியருக்கே உரியது என்று எழுதினார். பிள்ளை எங்கே வழுக்கும், அங்கே எந்தச் சோதனையைக் கையில் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த அறிவு. நம்மிடம் அதைக் கற்பிக்கும் பொறுப்பு எந்தத் துறைக்கும் இல்லை.

இதைச் சரிசெய்யும் முயற்சி ராயக்கோட்டைக்கு அதிகத் தொலைவில்லாத மைசூரிலேயே நடந்திருக்கிறது. 1961-ல் அமைந்த என்.சி.இ.ஆர்.டி., 1963-ல் அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர் ஆகிய நான்கு ஊர்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகளைத் தொடங்கியது. ஸ்புட்னிக்குக்குப் பிறகு அறிவியல் கல்வியைப் பற்றி உலகமே கவலைப்பட்ட காலம் அது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆலோசனை சொன்னார்கள். மைசூரில் நான்காண்டு பி.எஸ்சி.எட். படிப்பு. இயற்பியல், வேதியியல், கணிதம் ஒரு பிரிவு. வேதியியல், தாவரவியல், விலங்கியல் இன்னொன்று. பாடமும் கற்பித்தலும் முதலாண்டிலிருந்தே கூடவே நடக்கும். வளாகத்துக்குள்ளேயே மாதிரிப் பள்ளி உண்டு. காலையில் மின்சுற்றைக் கணக்காகப் படித்த மாணவர் அதை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொண்டுபோக நடந்தே செல்லலாம். இந்தத் தூரம் சிறியதாக இருப்பது சின்ன விஷயமல்ல. அந்தக் கல்லூரியின் முழு அர்த்தமும் அதில்தான் இருந்தது. 1964-66-ல் இயற்பியலாளர் டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு, ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழகத்திடமிருந்தும் பள்ளியிடமிருந்தும் தனித்துக் கிடக்கிறது, அதை முதலில் உடைக்க வேண்டும் என்றது. ஆனால் மைசூர்க் கல்லூரி தென்மாநிலங்கள் அனைத்துக்கும் பொது. தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை சில இடங்களே. அது ஒரு தீவாகவே இருந்துவிட்டது.

பதினேழு வயதில் ஒரு பிள்ளை ஆசிரியராவதென்று எப்படி முடிவெடுக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1997-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில் தொடங்கிய யூடீச் திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. அறிவியல் பட்டம் படிக்கும் யாரும் முதலாண்டில் ஒரு சிறு பாடமாகப் பள்ளிக்குப் போய்க் கற்பித்துப் பார்க்கலாம். பிடித்தால் தொடரலாம், இல்லையென்றால் பட்டத்துக்குக் குந்தகமில்லை. கற்பித்தலைச் சேர்த்தால் அறிவியல் நீர்த்துப்போகும் என்பது இன்னொரு ஆட்சேபம். மின்னோட்டம் தீர்ந்துபோவதில்லை என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு விளங்கவைக்க முயன்றவருக்குத்தான் மின்னழுத்தம் என்றால் என்ன என்பது முதன்முறையாக உறைக்கும். கற்பித்தல் அங்கே அறிவியலை ஆழப்படுத்துகிறது.

நாம் எதிர்த்திசையில் போனோம். 2008-ல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அமைந்து, அதுவரை பகுதிப் பல்கலைக்கழகங்களோடு இணைந்திருந்த கல்வியியல் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. காளான்போல் முளைத்த சுயநிதிக் கல்லூரிகளை ஒரு கட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது உண்மை, அந்த நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இன்று ராயக்கோட்டையிலிருந்து ஒருவர் கிருஷ்ணகிரி அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் படித்தால் அவர் சேலத்துப் பெரியார் பல்கலைக்கழக மாணவர், பி.எட். சேர்ந்தால் சென்னையிலுள்ள வேறொரு பல்கலைக்கழகத்தின் மாணவர். இரண்டு பாடத்திட்டக் குழுக்களும் சந்தித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. 2015 முதல் பி.எட். இரண்டாண்டாகி, 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. காலம் நீண்டது, பிளவு அப்படியே இருக்கிறது. 2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வில் ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதி 2,448 பேர் மட்டுமே தேறினார்கள். நேரம் போதவில்லை என்ற புகாரில் நியாயம் இருந்தது. நேரம் கூட்டி நடத்திய மறுதேர்விலும் மிகச் சிறு பங்கினரே தேறினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பு, தகுதித் தேர்வு, அதன்பின் பணிநியமனக் காத்திருப்பு என்று ஒரு பக்கம், பி.எஸ்சி. முடித்த கையோடு ஓசூர் சிப்காட் தொழிற்சாலையில் சம்பளம் என்று மறுபக்கம். கெட்டிக்காரப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை இந்த எல்லைப்பகுதிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நான்காண்டுப் படிப்பு என்றதும் 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நினைவுக்கு வரும். அதில் வரும் ஒருங்கிணைந்த படிப்புக்கு நாடு தழுவிய நுழைவுத் தேர்வு உண்டு. அதைத் தமிழ்நாடு சந்தேகத்தோடு பார்ப்பதில் எனக்கும் உடன்பாடே. சேர்க்கை யார் கையில் என்பது வேறு, படிப்பின் வடிவம் வேறு. வடிவம் 1963-லிருந்தே நம் பக்கத்து ஊரில் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ள யாருடைய நுழைவுத் தேர்வும் தேவையில்லை. பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசுக் கல்லூரியின் இயற்பியல், வேதியியல் துறைகளே அதை நடத்தலாம். ராயக்கோட்டை போன்ற ஊரின் அரசுப் பள்ளி அதன் மாதிரிப் பள்ளியாகலாம். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுத் தமிழில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பறை, பயிற்சி ஆசிரியருக்கு வேறெங்கும் கிடைக்காத பாடம். சந்தைக்கு வரும் தக்காளியும் வேலியோரச் செம்பருத்தியும் அமிலப் பாடத்துக்குப் போதும்.

கல்லூரிப் பேராசிரியர்களுக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன தெரியும் என்பது கடைசி ஆட்சேபம். 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், தில்லிப் பல்கலைக்கழகத்திலும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இருந்த விஞ்ஞானிகள் கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். அவர்களும் அங்கே கற்றுக்கொண்டார்கள். 1978-ல் அது மாவட்டம் முழுவதற்கும் பரவியது. முப்பது ஆண்டுகள் நடந்ததை 2002-ல் மாநில அரசு நிறுத்தியது. தன்னார்வத்திலும் அரசு அனுமதியிலும் ஓடிய திட்டத்தை ஓர் உத்தரவால் நிறுத்த முடிந்தது. ஒரு பல்கலைக்கழகத் துறையின் பாடத்திட்டத்திலும் பணிவிதியிலும் அதே வேலை எழுதப்பட்டிருந்தால் அவ்வளவு எளிதில் நிறுத்தியிருக்க முடியாது. ஆகவே இயற்பியல் துறை உதவிப் பேராசிரியரின் வேலைப்பட்டியலில் பள்ளி வகுப்பறையும் ஓர் இனமாக வர வேண்டும். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரையை எண்ணுவதைப்போல அதையும் எண்ண வேண்டும்.