கிடை ஆடுகளும் கரிசல் நில வறட்சியும்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் உள்ள திருத்தங்கல், வைப்பாற்றுப் படுகையின் வறண்ட பகுதியில் அமைந்த ஊர் ஆகும். இங்கு ஆண்டு மழை சுமார் 800 மி.மீ.; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலுக்கு உதவிய இதே வறண்ட வானிலைதான் ஆடு வளர்ப்போரை ஊர்விட்டு ஊர் நடக்க வைத்தது.

மந்தையாக ஓட்டிச் சென்று இரவில் வயல்களில் அடைக்கப்படும் ஆடுகள் கிடை ஆடுகள் எனப்படும். மந்தைக்குத் தலைமை ஏற்பவர் கீதாரி. பழைய இராமநாதபுரம் மாவட்டக் கீதாரிகள் (விருதுநகர் 1985இல்தான் தனி மாவட்டமானது) கோடையில் தஞ்சை, நாகை வரை செல்வது நெடுநாள் வழக்கம். சம்பா அறுவடை முடிந்த வயலில் தாளும் புல்லும் ஆட்டுக்கு மேய்ச்சல். புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு உரம். கிடை போட்டதற்கு நிலத்துக்காரர் நெல்லோ பணமோ தருவார். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. வயலில் நீர் பாயுமுன் மந்தை வெளியேறிவிட வேண்டும்.

இம்மக்களை வெறும் நாடோடிகள் என்று எழுதுவது பொருந்தாது. வறட்சியைத் தாண்ட அவர்கள் கண்ட வழியே இந்த நடை. சொந்த ஊரில் மழை பொய்த்தாலும் காவிரிக்கரை கைகொடுக்கும். இரண்டும் ஒரே ஆண்டில் கைவிட்டால்? 2016இல் அதுவே நிகழ்ந்தது. அணை செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையும் இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பயிர் கருகிய வயலில் தாள் ஏது?

தீனிப் பஞ்சம் வேறு ஆபத்துகளையும் கொண்டுவரும். மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரில் நஞ்சு மிகும். பசியில் அதை மேய்ந்த ஆடு சிறிது நேரத்திலேயே மடியக்கூடும். மழை வந்த பிறகும் நிம்மதி இல்லை. புதிதாகத் துளிர்த்த புல்லை அளவுமீறித் தின்னும் ஆடுகளைத் துள்ளுமாரி நோய் தாக்கும். தடுப்பூசி உண்டு, ஆனால் ஓரிடத்தில் தங்காத மந்தைக்கு அதை உரிய காலத்தில் போடுவது எளிதன்று.

மழைக்குறைவு இப்பகுதிக்குப் புதிதல்ல. மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கியதுதான் புதியது. கண்மாய்களிலும் தரிசுகளிலும் சீமைக்கருவேலம் அடர்ந்தது. அதன் நெற்றை ஆடுகள் விரும்பித் தின்னும் என்பது உண்மையே. ஆனால் அடர்ந்த புதருக்கடியில் புல் வளராது. இரசாயன உரம் பரவியபின் கிடைக்கான தேவையும் குறைந்தது. முன்பு எதிர்பார்த்துக் காத்திருந்த நிலத்துக்காரரிடம் இன்று கீதாரியே போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.