நீலகிரியில் ஏழைக் குடும்பங்களின் மருத்துவக் காப்பு: அரசு–தனியார் கூட்டில் மூன்றாவது தரப்பு

நீலகிரி மலையில் நோயுற்ற ஒருவருக்கு எந்த மருத்துவமனையின் கதவு திறக்கும் என்பதை, அவருக்கு வேலை கொடுப்பவர் யார் என்பதே நெடுங்காலம் தீர்மானித்து வந்திருக்கிறது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே உள்ள அருவங்காடு இதற்கு நல்ல சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு நிறுவப்பட்ட கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை, நிரந்தரத் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பும் பள்ளியும் மருத்துவமனையும் கொண்ட ஒரு தனி ஊரையே உருவாக்கியது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்ட பிறகு, இத்தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. பெரிய தேயிலை எஸ்டேட்டுகளில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் குடியிருப்பையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. இவ்விரு வேலிகளுக்கும் வெளியே இருப்பவர்கள் பலர்: ஓரிரு ஏக்கர் தேயிலையை நம்பிய சிறு விவசாயி, தினக்கூலிக்கு இலை பறிக்கும் பெண், ஒப்பந்தத் தொழிலாளி, கட்டட வேலை செய்பவர், ஆதிவாசி. இவர்களுக்கு இருந்தவை ஆரம்ப சுகாதார நிலையமும் குன்னூர் லாலி அரசு மருத்துவமனையும்தான். அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமென்றால் மலையிறங்கிக் கோயம்புத்தூருக்குப் போக வேண்டும். கடனும் வாங்க வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்பவே தமிழ்நாட்டில் அரசு–தனியார் கூட்டுத் திட்டங்கள் வந்தன. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 அவசர ஊர்தி சேவையில் செலவை அரசு ஏற்கிறது. ஊர்திகளை இயக்கும் பொறுப்பு அரசுக்கு வெளியே உள்ள இஎம்ஆர்ஐ அமைப்புடையது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் ஸ்டார் ஹெல்த் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் நடைமுறைக்கு வந்தது. 2012 ஜனவரியில் அதன் இடத்துக்கு வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவுடன் தொடங்கியது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின் காப்புத் தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. ஆண்டு வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாயாக இருந்து, பின்னர் 1,20,000 ஆனது. சந்தா முழுவதையும் அரசே கட்டுகிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் விலை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனை, அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், அந்தத் தொகையைப் பெறுகிறது. இதய அறுவை சிகிச்சையை நினைத்துப் பார்க்கவே முடியாத கூலிக் குடும்பங்களுக்கு இத்திட்டம் கோயம்புத்தூரின் பெரிய தனியார் மருத்துவமனைகளைத் திறந்துவிட்டது. இதன் பயனைக் குறைத்து மதிப்பிடுவதற்கு இடமில்லை.

ஆனால் மலைக் குடும்பம் இத்திட்டத்தை எட்டிப் பிடிக்கும் வழியைப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கிறது. அருவங்காட்டை அடுத்த ஒரு சரிவில் கூலிக்கு இலை பறிக்கும் பெண் காப்பீட்டு அட்டை பெற வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் தேவை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் பரிந்துரை வேண்டும். பிறகு ஊட்டியில் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. இலை துளிர்க்கும் பருவமானால் இழப்பு இன்னும் கூடும். நோய் வந்த பிறகுதான் பல குடும்பங்கள் இந்த அலைச்சலில் இறங்குகின்றன. அட்டை கைக்கு வந்தாலும் அது பெரும்பாலும் உள்நோயாளிக்கான செலவையே தாங்கும். காய்ச்சல், மூட்டுவலி, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு மாதந்தோறும் ஆகும் செலவும், பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கிப்போகும் பயணமும், உடன் இருப்பவரின் சாப்பாடும் கூலி இழப்பும் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையே மூடிப்போகும். 2009 நவம்பர் பெருமழையில் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தபோது இந்த மலைப்பாதைகள் எவ்வளவு நொய்ந்தவை என்பது தெரிந்தது.

அரசு, காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனை ஆகிய மூவரும் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். குடும்பம் அதில் பயனாளியாக மட்டுமே இருக்கிறது, ஒப்பந்தத்தின் எந்த வரியையும் பேசி மாற்ற அதனால் முடியாது. இந்தக் குறையை மாநிலத் திட்டம் பிறப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே இதே மாவட்டத்தின் மேற்கு மூலையில் வேறுவிதமாகத் தீர்க்க முயன்றிருக்கிறார்கள்.

கூடலூர், பந்தலூர் பகுதிகளில் வாழும் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகியோரிடையே 1980களின் நடுவில் அக்கார்ட் என்ற தொண்டு நிறுவனம் வேலை செய்யத் தொடங்கியது. அப்போது முதன்மையான பிரச்சினை நிலம். 1988இல் ஆதிவாசிகள் கூடலூரில் திரண்டு நடத்திய பேரணியும் நில உரிமைக்காகவே. அந்த இயக்கத்திலிருந்து எழுந்தது ஆதிவாசி முன்னேற்றச் சங்கம். பாடிகள் எனப்படும் ஆதிவாசிக் குடியிருப்புகளில் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தபோது, நோயைக் கண்டறிய முடிந்தது. ஆனால் நோயாளியை அனுப்பிவைக்க நம்பகமான மருத்துவமனை இல்லை. அப்படித்தான் 1990இல் அஸ்வினி அமைப்பின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை எழுந்தது. அங்கே செவிலியராகப் பயிற்சி பெற்றவர்கள் ஆதிவாசிப் பெண்களே. படுக்கையில் கிடக்கும் பணியப் பெண்ணிடம் அவள் மொழியிலேயே பேசும் செவிலியர் இருப்பது, மருத்துவமனை என்றாலே அஞ்சி ஒதுங்கிய சமூகத்தில் சிறிய மாற்றமல்ல.

1992இல் சங்க உறுப்பினர்களுக்காக ஒரு குழுக் காப்பீடு தொடங்கப்பட்டது. காப்பீட்டாளர் அரசுடைமையான நியூ இந்தியா அஷ்யூரன்ஸ். 2003ஐ ஒட்டி அந்த இடத்துக்குத் தனியார் நிறுவனமான ராயல் சுந்தரம் வந்தது. 2003-04இல் உறுப்பினர் கட்டிய சந்தா ஆளுக்கு ஆண்டுக்கு 25 ரூபாய்க்கு மிகாதது. அதற்கு ஈடாக 3,000 ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்குக் காப்பு. சங்கத்தினரும் சுகாதாரப் பணியாளர்களும் பாடி பாடியாகப் போய்ச் சந்தா திரட்டினார்கள். நோயாளி மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டியதில்லை. படிவம் நிரப்ப வேண்டியதுமில்லை. செலவுக் கணக்கை மருத்துவமனையே காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பித் தொகையைப் பெற்றுக்கொண்டது. வணிகக் காப்பீட்டில் வழக்கமாக இருக்கும் விலக்குகள் பேச்சுவார்த்தையால் மிகவும் குறைக்கப்பட்டிருந்தன. தனித்தனிக் குடும்பங்களாகப் போய் நின்றிருந்தால் இந்தச் சலுகை கிடைத்திருக்காது. ஆயிரக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட சங்கம் பேசியதால் கிடைத்தது.

இத்திட்டத்தின் தொடக்கத்தில் மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் பொதுச் சுகாதார ஆய்வாளரான என். தேவதாசன் குழுவினரின் ஆய்வுகள் விளைவை அளந்து காட்டுகின்றன. காப்பீடு பெற்றவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட விகிதம் காப்பீடு இல்லாதவர்களின் விகிதத்தைப் போல 2.2 மடங்கு. காப்பீடு இல்லாதிருந்தால், மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் குடும்பங்களில் 8 விழுக்காடு தாங்க முடியாத செலவில் விழுந்திருக்கும்; காப்பீட்டால் அது 3.5 விழுக்காடாகக் குறைந்தது. முதல் எண்ணைச் சிலர் தேவையற்ற சேர்க்கை என்று படிக்கக்கூடும். முன்பு பாடியிலேயே நோயோடு கிடந்தவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள் என்று படிப்பதே கூடலூர் நிலைமைக்குப் பொருந்தும். பாடிக்கே போய் நோயாளியைப் பார்த்து அனுப்பியவர் அந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளர்தான்.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. காப்பீட்டாளர் அரசு நிறுவனத்திலிருந்து தனியார் நிறுவனமாக மாறியபோதும், குடும்பம் சந்தா கொடுத்த இடமும் சிகிச்சை பெற்ற இடமும் மாறவில்லை. அரசு நல்லதா, தனியார் நல்லதா என்ற வாதம் இத்தகைய திட்டங்களைப் பற்றிய பேச்சில் மிகுதியான இடத்தை எடுத்துக்கொள்கிறது. கூடலூரில் குடும்பங்களைத் தாங்கியது அவ்விரண்டிலும் சேராத மூன்றாவது தரப்பு, அதாவது மக்களின் சங்கம். அரசும் இதை ஓரளவு ஏற்றுக்கொண்டது. உலக வங்கி உதவியுடன் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டத்தில், ஆதிவாசிகளிடையே காணப்படும் அரிவாள் செல் இரத்தசோகையைக் கண்டறியும் பணி அஸ்வினியிடமும், 1958இல் மருத்துவர் நரசிம்மன் தொடங்கிய கோத்தகிரியின் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. பரம்பரை நோயைத் தேடி வீடு வீடாகப் போய் இரத்தம் எடுப்பதற்கு முன்பின் அறிமுகம் இல்லாத ஒப்பந்த நிறுவனத்தை விட, அந்த வீடுகளில் பெயர் சொல்லி அழைக்கப்படும் பணியாளரே தகுதியானவர்.

கூடலூர் முன்மாதிரிக்குக் குறைகளும் உண்டு. உறுப்பினர் சந்தா மட்டும் போதாமல் அக்கார்ட் நன்கொடைப் பணத்தால் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. சங்கக் குடும்பங்கள் எல்லாம் காப்பீட்டில் சேர்ந்துவிடவில்லை. 3,000 ரூபாய் வரம்பு பெரிய அறுவை சிகிச்சைக்குப் பயன்படாது. அரசு இலவசமாக 5 லட்சம் தரும்போது இத்தகைய சிறு திட்டம் எதற்கு என்று கேட்பதும் நியாயமே. விடை இரண்டின் வேலையும் வேறு என்பதில் இருக்கிறது. மாநிலத் திட்டம் அரிதான பெருஞ்செலவைத் தாங்குகிறது. அடிக்கடி வரும் சிறு நோயும், மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் வழியும், அட்டை வாங்கும் அலைச்சலும் உள்ளூர் அமைப்பு ஒன்று தாங்க வேண்டியவை.

சங்கம் வழியாகக் காப்பீடு என்பது ஆதிவாசிகளுக்கு மட்டும் பொருந்துவது என்றும் சொல்ல முடியாது. கர்நாடகத்தில் 2003இல் தொடங்கிய யசஸ்வினி திட்டம், கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களான விவசாயிகளை மாதம் 5 ரூபாய்ச் சந்தாவில் அறுவை சிகிச்சைக் காப்பில் சேர்த்தது. ஆள் சேர்த்ததும் சந்தா திரட்டியதும் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களே.

அருவங்காடு, குன்னூர் வட்டாரத்துக்கு இது நேராகப் பொருந்துகிறது. நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளுக்கு 1960கள் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. குந்தாவில் தொடங்கிய வரிசையில் கரும்பாலம், கட்டபெட்டு, இத்தலார், மஞ்சூர் எனப் பல ஊர்கள் சேர்ந்தன; 1965இல் உருவான இன்கோசர்வ் இணையம் குன்னூரிலிருந்து அவற்றை ஒருங்கிணைக்கிறது. இவற்றில் ஏறத்தாழ 30,000 விவசாயிகள் உறுப்பினர்கள். ஒவ்வொருவர் பெயரிலும் இலைக் கணக்கு இருக்கிறது. மாதந்தோறும் இலைப் பணம் பட்டுவாடா ஆகிறது. சந்தாவை அந்தக் கணக்கிலேயே பிடித்துக்கொள்ளலாம். இலை எடைபோடும் நிலையத்திலேயே காப்பீட்டு அட்டைக்கான முகாமை நடத்தினால் ஊட்டிக்குப் போகும் நடை மிச்சமாகும். அட்டையை அரசு தர, புறநோயாளிச் செலவுக்கும் பயணத்துக்கும் ஒரு சிறு நிதியைத் தொழிற்சாலையும் உறுப்பினரும் சேர்ந்து திரட்ட, உள்ளூர் மருத்துவமனைகளோடு இணையம் பேசி விலை முடிக்க, இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவைப்படாது.

இதற்குத் தடை பசுந்தேயிலை விலையில் இருக்கிறது. 1990களின் இறுதியில் விலை சரிந்தபோது மாவட்டமே போராட்டத்தில் இறங்கியது. விலை நிர்ணயம் இன்றும் தீராத குறை. ரொக்கம் உடனே கிடைக்கும் என்பதால் உறுப்பினர் பலர் ஏஜென்ட் மூலம் தனியார் தொழிற்சாலைக்கு இலை கொடுத்துவிடுகிறார்கள். அப்போது கூட்டுறவுக் கணக்கில் பிடிக்கப் பணமே இராது. ஆகவே தனியார் தொழிற்சாலைகளும் இதே பிடித்தம் செய்யும் ஏற்பாட்டைத் தேயிலை வாரியம் முன்னின்று செய்ய வேண்டியிருக்கும்.

நிலமே இல்லாதவர்களை இந்த வழியும் எட்டாது. பிறர் தோட்டத்தில் கூலிக்குப் பறிப்பவர்களும், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் போன்ற மாநிலங்களிலிருந்து எஸ்டேட்டுகளுக்கு வந்திருக்கும் தற்காலிகத் தொழிலாளர்களும் எந்த இலைக் கணக்கிலும் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்கிய வெளிமாநிலத் தொழிலாளர் உரிய சான்றுடன் மாநிலக் காப்பீட்டில் சேர விதி இடம் தருகிறது. அந்தச் சான்றை அவர்களுக்காகப் பெற்றுத்தரும் வேலையைத் தோட்டத் தொழிற்சங்கங்கள் ஏற்றால், அவையே இக்குடும்பங்களின் மூன்றாவது தரப்பாக முடியும். நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும் பேசும் பழைய எல்லையை அவை அதற்காகக் கடக்க வேண்டும்.