திரும்பிப் போக ஓர் ஊர்

எஞ்சினியரிங் முடித்த என் செட் ஆட்களிடம் வெளிநாட்டுப் படிப்பு என்று சொன்னால் வரிசையாக சில விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்: ஜி.ஆர்.இ., ஐ-20, அப்பா கையெழுத்துப் போட்ட கல்விக் கடன், மீனம்பாக்கத்தில் நள்ளிரவு விமானம். ஃபீஸும் இல்லாமல் கடனும் இல்லாமல் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கடல் தாண்டிப் படிக்கப்போன வரலாறு ஒன்றும் இருக்கிறது. அவர்கள் படித்தது ஸ்பானிஷில். அதில் பெரும்பகுதி நடந்தது கியூபாவுக்குத் தெற்கே உள்ள ஒரு தீவில்.

பைன் மரத் தீவு என்பது அதன் பழைய பெயர். 1920களின் பிற்பகுதியில் அங்கே வட்ட வட்டமான கட்டடங்களுடன் பெரிய சிறை ஒன்று கட்டினார்கள். 1953 முதல் 1955 வரை ஃபிடல் காஸ்ட்ரோ கைதியாக இருந்தது அங்கேதான். அவர் ஆட்சிக்கு வந்தபிறகு தீவெங்கும் எலுமிச்சை வகைத் தோட்டங்கள் போடப்பட்டன. முக்கியமாக கிரேப்ஃப்ரூட், அதாவது நம்மூர் பம்ளிமாஸுக்குத் தம்பி. தோட்டங்களுக்கு நடுவே விடுதியோடு கூடிய பள்ளிகள் எழும்பின. 1978இல் தீவின் பெயரே இளைஞர் தீவு என்று மாறியது.

1977இல் மொசாம்பிக், அங்கோலா பிள்ளைகள் வந்தார்கள். பிறகு எத்தியோப்பியா, நமீபியா, கினி-பிசாவ், காங்கோ, தெற்கு ஏமன், நிகராகுவா, கானா, மேற்கு சஹாரா என்று பட்டியல் நீண்டது. ஏன் இவ்வளவு கூட்டம்? மொசாம்பிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் போர்ச்சுக்கீசியர் வெளியேறியபோது அங்கே பத்தில் ஒன்பது பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டாக்டர், எஞ்சினியர், வாத்தியார் எல்லோரையும் ஒரு புதிய நாடு எங்கிருந்து கொண்டுவரும்?

நமீபியப் பிள்ளைகளின் கதை இன்னும் கொடூரம். 1978 மே 4 அன்று தெற்கு அங்கோலாவின் கசிங்காவில் இருந்த அவர்களுடைய முகாமைத் தென்னாப்பிரிக்க ராணுவம் தாக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தப்பிப் பிழைத்த குழந்தைகள் பலர் அதே ஆண்டில் கியூபாவுக்கு அனுப்பப்பட்டார்கள். தீவில் அவர்களுக்கென்றே ஒரு பள்ளி இருந்தது.

அரை நாள் வகுப்பு, அரை நாள் தோட்ட வேலை. இதுதான் அங்கே நடைமுறை. குழந்தைகளை வேலை வாங்குகிறார்கள், மூளைச்சலவை செய்கிறார்கள் என்று மேற்கிலிருந்து கண்டனங்கள் வந்தன. கியூபா இதை வெறும் தர்மமாகச் செய்யவில்லை என்பதும் உண்மைதான். பனிப்போர்க் காலம், அதற்கு ஆப்பிரிக்காவில் நண்பர்கள் தேவைப்பட்டார்கள். ஆனாலும் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. கணிதமும் இயற்பியலும் கியூப ஆசிரியர்கள் ஸ்பானிஷில் எடுப்பார்கள். ஒவ்வொரு நாட்டுப் பள்ளிக்கும் அந்தந்த நாட்டு ஆசிரியர்களும் கூடவே வந்து, சொந்த நாட்டு வரலாறும் புவியியலும் நடத்துவார்கள். பிள்ளைகள் ஊரை மறந்துவிடக் கூடாது, ஒருநாள் திரும்பிப் போயாக வேண்டும் என்பது ஏற்பாட்டின் அடிப்படை. பள்ளி முடித்தவர்களில் நிறையப் பேர் ஹவானா, சாந்தியாகோ போன்ற நகரங்களின் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள்.

1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை அடைந்தது. அங்கே படித்தவர்களுக்குப் போக ஒரு நாடு கிடைத்தது. அடுத்த ஆண்டே சோவியத் யூனியன் உடைந்தது. கியூபாவில் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் பஞ்சம். தீவின் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அந்தச் சிந்தனை மட்டும் சாகவில்லை. 1998இல் இரண்டு சூறாவளிகள் மத்திய அமெரிக்காவையும் கரீபியனையும் சிதைத்துப் போட்டன. மறு ஆண்டு ஹவானாவுக்கு மேற்கே, பழைய கடற்படைப் பயிற்சிக் கல்லூரி வளாகத்தில் லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளி தொடங்கியது. 2001 முதல் அமெரிக்காவிலிருந்தே மாணவர்கள் வந்தார்கள். சொந்த நாட்டில் மருத்துவப் படிப்புக்கான செலவை நினைத்தே பார்க்க முடியாத கறுப்பின, லத்தீன் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்களில் அதிகம். ஸ்பானிஷ் தெரியாதவர்களுக்கு முதலில் மொழி வகுப்பு. கட்டணம் கிடையாது. கேட்கப்பட்டது ஒரே ஒரு வாக்குறுதி: படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பி, டாக்டர் எட்டிப் பார்க்காத பகுதிகளில் வைத்தியம் பார்க்க வேண்டும். அழகான நிபந்தனை. ஆனால் அது ‘ஊர்’ என்ற ஒன்று எல்லோருக்கும் இருக்கும் என்று நம்புகிறது.

சஹ்ராவி மாணவர்களுக்கு அந்த ஊர் இல்லை. மேற்கு சஹாரா ஸ்பெயினின் காலனி. 1975 நவம்பரில் மொராக்கோவுக்கும் மௌரித்தானியாவுக்கும் அதை விட்டுக்கொடுத்து ஸ்பெயின் நடையைக் கட்டியது. மக்கள் அகதிகளாக அல்ஜீரியாவின் திந்தூஃப் பாலைவனத்துக்கு ஓடினார்கள். பறிகொடுத்த நகரங்களின் பெயர்களையே முகாம்களுக்கு வைத்தார்கள்: லாயூன், ஸ்மாரா, தாக்லா.

அந்தக் கூடாரங்களிலிருந்துதான் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கியூபாவுக்குப் போனார்கள். கடலையே பார்த்திராத பிள்ளைகள். போனவர்கள் பட்டம் வாங்கித் திரும்பப் பத்து வருஷத்துக்கும் மேல் ஆனது. நடுவில் லீவுக்கு வீட்டுக்கு வருவதெல்லாம் கிடையாது. கடிதம் வந்து சேரவே மாதக்கணக்காகும். நம்மூரில் ஹாஸ்டலில் விட்ட பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிற அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். இந்த அம்மாக்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளையை வழியனுப்பி, மீசை வைத்த டாக்டரைத் திரும்பப் பெற்றார்கள்.

திரும்பியவர்களுக்கு முகாமில் ஒரு பெயர் விழுந்தது: ‘கூபராவி’. கியூபாவும் சஹ்ராவியும் கலந்த சொல். வார்த்தையின் கடைசி ‘ஸ்’ஸை விழுங்கிக் கியூபாக்காரர்களைப் போலவே ஸ்பானிஷ் பேசினார்கள். தாய்மொழியான ஹஸ்ஸானியா அரபு நாக்கில் தடுமாறியது. பெண்களுக்கு இது இன்னும் கடினம். ஹவானாவில் பேண்ட் சட்டையோடு திரிந்தவர்கள் உடல் முழுக்கச் சுற்றும் மெல்ஃபாவுக்குள் மறுபடி பழக வேண்டியிருந்தது. அவர்களுடைய நடையும் பேச்சும் கண்காணிக்கப்பட்டன.

படித்த படிப்புக்கு வேலை? டாக்டர்களும் நர்சுகளும் முகாம் மருத்துவமனைகளைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் தொழிற்சாலையே இல்லாத இடத்தில் எஞ்சினியர் என்ன செய்வார்? 1991இல் போர் நிறுத்தம் வந்தது, வாக்கெடுப்பு நடக்கும் என்றார்கள். இன்றுவரை நடக்கவில்லை. காத்திருந்து சலித்த பலர் ஸ்பெயினுக்குப் போனார்கள். தங்களைக் கைவிட்ட நாட்டின் மொழிதான், கியூபா சொல்லிக்கொடுத்த உச்சரிப்போடு, அவர்களுக்கு அங்கே சோறு போட்டது. 2005இல் மாட்ரிட்டில் சில சஹ்ராவி எழுத்தாளர்கள் ‘நட்புத் தலைமுறை’ என்ற பெயரில் குழுவாகச் சேர்ந்து ஸ்பானிஷில் கவிதை எழுதினார்கள். அவர்களில் கியூபாவில் படித்தவர்களும் உண்டு.

சம்பளம் டாலரில் வர ஆரம்பித்ததும் நம் ஆட்கள் முதல் வேலையாகக் கல்விக் கடனை அடைத்து முடிக்கிறார்கள். கூபராவிகள் அடைக்க வேண்டிய கடன் வேறு மாதிரி. தம்மை அனுப்பிவைத்த கூடாரத்துக்கு அவர்கள் எதையாவது திருப்பித் தர வேண்டும். முகாமிலேயே இருந்தவர்கள் தாம் படித்ததைத் தந்தார்கள். மாட்ரிட்டுக்குப் போனவர்கள் அங்கிருந்து பணமும் மருந்தும் அனுப்புகிறார்கள். திந்தூஃபில் கூடாரங்களோடு மண் வீடுகளும் முளைத்துவிட்டன. ஒவ்வொரு மழைக்கும் அவை கரைகின்றன, மறுபடி கட்டுகிறார்கள்.