பிரிட்டோரியா ஸ்டேஷனில் இறங்கியவர்



பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1893 ஜூன் மாதம், அங்கே குளிர்காலம். பாடம் அந்த நடைமேடையோடு முடிந்துவிடும். ஆனால் அவர் போக வேண்டிய ஊர் அதுவல்லவே! தாதா அப்துல்லாவின் வழக்குக்காக அவர் பிரிட்டோரியா போய்ச் சேர வேண்டும். அந்தப் பயணத்தின் கடைசித் துண்டு, அதாவது ஸ்டேஷனிலிருந்து ஹோட்டலுக்குப் போன பகுதி, எனக்கு மிகவும் பிடித்தது.

நேட்டாலிலிருந்து வரும் ரயில் அப்போது சார்லஸ்டவுன் வரைதான். அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குக் குதிரைக் கோச்சு வண்டி. அதில் வாங்கிய அடியை இங்கே விட்டுவிடுகிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கியதும் ஒரு வாடகை வண்டி பிடித்து, கிராண்ட் நேஷனல் ஹோட்டலுக்குப் போனார். மேனேஜர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே, அறை காலி இல்லை என்றார். பிறகு தேடிப்போன இந்திய வியாபாரி வீட்டில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். இந்தியருக்கு ஹோட்டலில் இடம் கிடைக்கும் என்று நினைத்ததே அவர்களுக்கு வேடிக்கை.

டிரான்ஸ்வாலில் 1885-லேயே இந்தியர்களுக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. ஒதுக்கிய பகுதிக்கு வெளியே நிலம் வாங்கக் கூடாது. நடைபாதையில் நடக்கக் கூடாது, இரவு 9 மணிக்கு மேல் அனுமதிச்சீட்டு இல்லாமல் வெளியே வரக் கூடாது என்ற விதிகளும் இருந்தன. நம் ஊரில் கூலி என்றால் வேலைக்குத் தரும் காசு. அங்கே அது மனிதர்களைக் கூப்பிடும் பெயர்.

பிரிட்டோரியாவுக்கு 37 மைல், ரயிலில். போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி. இன்று அங்கே நிற்கும் பெரிய கட்டடம், நம் புதுடில்லித் தலைமைச் செயலகத்தை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கர் பிற்பாடு கட்டியது. அன்று மங்கலான விளக்குகள், நாலைந்து பயணிகள், அவ்வளவுதான். வழக்கறிஞர் யாரையாவது அனுப்புவார் என்று எதிர்பார்த்திருந்தார்; ஒருவரும் வரவில்லை.

காந்திக்கு வயது 23. லண்டனில் படித்த பாரிஸ்டர். அவர் என்ன செய்தார் தெரியுமா? எல்லோரும் போகட்டும் என்று ஓரமாக நின்றார். டிக்கெட் வாங்குபவரிடம் வழி கேட்கக்கூடத் தயக்கம். எங்கே அவமானப்படுத்திவிடுவாரோ என்ற பயம். இடம் கிடைக்காவிட்டால் ஸ்டேஷனிலேயே இரவைக் கழித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இறக்கிவிட்டதைவிட எனக்கு இந்த இடம்தான் அதிகம் வலிக்கிறது. சில நாட்களிலேயே ஒரு மனிதனை எப்படி ஆக்கிவிட்டார்கள் பாருங்கள்.

கடைசியில் கேட்டார். அந்த ஊழியர் மரியாதையாகப் பேசினாலும் உதவ வழியில்லை. பக்கத்தில் நின்றிருந்த கறுப்பின அமெரிக்கர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தனக்குத் தெரிந்த அமெரிக்கர் ஒருவர் சிறிய ஹோட்டல் நடத்துகிறார், வாருங்கள், சேர்த்துக்கொள்வார் என்றார். காந்திக்குச் சந்தேகம்தான். ஆனாலும் போனார்.

ஹோட்டல்காரர் ஜான்ஸ்டன். அந்த மனிதர் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். ஒரு நிபந்தனையோடு சம்மதம் கிடைத்தது: சாப்பாடு அறைக்குள்தான். தனக்கு நிற வேற்றுமை இல்லை என்றும், வருகிறவர்கள் எல்லாம் ஐரோப்பியர் என்பதால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் ஜான்ஸ்டன் சொன்னார். இந்தக் காரணத்தை நாமும் நம் ஊரில் எத்தனை வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறோம்! தனக்கு ஒன்றுமில்லையாம், மற்றவர்கள்தான் ஏதாவது நினைப்பார்களாம்.

காந்தி அறையில் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தார். பணியாளுக்குப் பதில் ஜான்ஸ்டனே வந்து நின்றார். அப்படிச் சொன்னதற்கு வெட்கமாக இருந்ததாம். போய் மற்ற விருந்தினர்களைக் கேட்டிருக்கிறார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை! சாப்பாட்டு அறைக்கே வரலாம், விரும்பும்வரை தங்கலாம் என்றார். காந்தி போய் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்.

சத்திய சோதனையில் ஜான்ஸ்டனின் பெயர் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்தவரின் பெயர் இல்லை. என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பாடம் நடத்தும்போது, மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தால், இந்த மனிதரையும் சொல்லுங்கள்.

ஜான்ஸ்டன் ஹோட்டலில் தங்கியது அந்த ஓர் இரவுதான். மறுநாள் வழக்கறிஞர் வேறு இடம் பார்த்துக் கொடுத்தார்: ரொட்டிக்காரர் ஒருவரின் மனைவி, ஏழைப் பெண்மணி, வாரம் 35 ஷில்லிங் வாங்கிக்கொண்டு காந்தியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார்.