தீர்மானத்தின் எடை: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஆயுத வன்முறையும் அடையாளத் தீர்மானங்களும்

2013 ஜனவரியில் சிகாகோவில் ஹதியா பெண்டில்டன் என்ற 15 வயது மாணவி சுட்டுக் கொல்லப்பட்டாள். அவளுடைய தோழர்கள் ஆரஞ்சு நிற உடை அணிந்து துக்கம் காட்டினர். துப்பாக்கி வன்முறை விழிப்புணர்வு நாள் அதிலிருந்து பிறந்தது. அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் அதற்காகத் தீர்மானங்கள் நிறைவேற்றின. அவற்றால் ஒரு துப்பாக்கிகூடப் பறிமுதலானதில்லை. அரசியல் அடையாளங்கள் மக்களின் கொதிப்பைத் தணித்து அனுப்பிவைக்கும் கருவிகள் என்று அமெரிக்க அரசியல் அறிஞர் மர்ரே எடல்மன் 1964இலேயே வாதிட்டார். புதுச்சேரியின் கிராமப்புற அனுபவம் அவர் சொன்னதைப் பாதி மெய்ப்பிக்கிறது, பாதி மறுக்கிறது.

துப்பாக்கிச் சூடு என்றால் புதுச்சேரி நினைவுகூர்வது 1936 ஜூலை 30. சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேர் அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிகளுக்குப் பலியானார்கள். இன்று வில்லியனூரிலும் பாகூரிலும் அச்சம் தருபவை நாட்டு வெடிகுண்டும் வீச்சரிவாளும்தான். 2023 மார்ச் 26 இரவு வில்லியனூரில் கடைவாசலில் நின்றிருந்த கட்சி நிர்வாகி ஒருவர்மீது முதலில் குண்டுகள் வீசப்பட்டன. புகை அடங்குவதற்குள் வெட்டும் விழுந்தது. குண்டு ஆளைக் கொல்வதற்கு மட்டுமன்று, சுற்றியிருப்போரை விரட்டுவதற்கும்தான். சாட்சிகள் கலைந்த தெருவில்தான் மிச்ச வேலை நடக்கிறது.

இதற்கெதிராகச் சட்டமன்றம் என்ன செய்ய முடியும்? ஆயுதம், வெடிமருந்து ஆகிய இரண்டும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 5ஆம் பதிவில் அடங்குகின்றன. 1908ஆம் ஆண்டின் வெடிபொருள்கள் சட்டமும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் தில்லியின் கையில். சமூக விரோதச் செயல் தடுப்புச் சட்டத்தைப் புதுச்சேரி 2008இல் இயற்றியது உண்மை; அது ஆளை முன்கூட்டியே அடைத்துவைக்கும் சட்டம், ஆயுதத்தைத் தொடுவதில்லை. ஆக, ஆயுதத்தைப் பற்றிப் பேச இந்தச் சட்டமன்றத்துக்கு எஞ்சுவது தீர்மானம் மட்டுமே. அடையாளச் செயலை ‘வெற்றுச் சடங்கு’ என்று தள்ளிவிடுவோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

ஆனால் தீர்மானம் போட்டுப் பழகிய சட்டமன்றம் இது. வில்லியனூர்க் கொலை நடந்த ஐந்தாம் நாள், மார்ச் 31 அன்று, மாநிலத் தகுதி கோரும் தீர்மானம் மீண்டும் ஒருமுறை நிறைவேறியது. எத்தனையாவது முறை என்று நிருபர்கள் எண்ணிச் சொல்லும் அளவுக்கு அது வழக்கமாகிவிட்டது. உறுதிமொழிகளின் கதியும் இதுவே. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட மே 21இல் அரசு அலுவலகங்களில் அதிகாரி பயங்கரவாத எதிர்ப்பு உறுதிமொழியை ஒவ்வொரு வரியாகப் படிக்க, ஊழியர்கள் வலக்கையை நீட்டித் திருப்பிச் சொல்கிறார்கள். முடிந்ததும் கோப்புகளுக்குத் திரும்புகிறார்கள். ஜனவரி 30இன் விந்தை இன்னும் பெரிது. காந்தி துப்பாக்கிக்கு இரையான அந்த நாளில் நாடே காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறது. அதே நாள் தொழுநோய் ஒழிப்பு நாளாகவும் இருக்கிறது. துப்பாக்கியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இதுவரை எடல்மன் பக்கம்தான். மறுபக்கம் 1954இல் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் 18இல் புதுச்சேரியும் வில்லியனூர், பாகூர் உள்ளிட்ட சுற்றுவட்டார ஏழு கொம்யூன்களும் (பிரெஞ்சு ஆட்சியின் உள்ளாட்சிப் பிரிவுகள்) சேர்ந்து, பொதுவாக்கெடுப்பின்றி இந்தியாவோடு இணைவதென அறிவித்தன. இறையாண்மையைக் கைமாற்ற கொம்யூனுக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை. அக்டோபர் 18இல் வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் வந்தது. அந்த எட்டாண்டு இடைவெளியைத் தாங்கி நின்றது, ஊர்களின் பெயரால் பேசும் தகுதி அந்த 178 பேருக்கு இருந்ததுதான்.

தேர்தல் தரும் இந்தத் தகுதிதான் இன்று காணாமற்போயிருக்கிறது. நெடுங்காலம் தடைப்பட்டிருந்த உள்ளாட்சித் தேர்தல் 2006இல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நீதிமன்ற வழக்கில் நின்றுபோனது. கொம்யூன் பஞ்சாயத்துகளை ஆணையர்கள் நடத்துகிறார்கள். தெருவிளக்கு, வாய்க்கால் வேலைகளுக்கு அது போதும் எனச் சிலர் சொல்லக்கூடும். எங்கள் தெருவில் குண்டு வீசுபவன் எங்களுக்கு வேண்டாதவன் என்று ஊரறியச் சொல்ல ஆணையரால் ஆகாது. அதைச் சொல்ல வேண்டியவர் அந்தத் தெருவில் குடியிருந்து ஓட்டு வாங்கியவர். சொன்ன பிறகும் அங்கேயே குடியிருக்கப் போகிறவர். அந்த ஆபத்துதான் சொல்லுக்கு எடை தருகிறது.

எனவே சட்டமன்றம் ஒரு விழிப்புணர்வு நாளை அறிவிப்பதாயின், அந்த நாளில் காவல்துறை கொம்யூன் வாரியாகக் கைப்பற்றிய வெடிகுண்டு, அரிவாள், துப்பாக்கிக் கணக்கை வாசிக்க வேண்டும் என்றும், அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுக்கப்பட்ட கொம்யூன் மன்றம் விவாதிக்க வேண்டும் என்றும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்குத் தேதி குறிக்காமல் இரண்டாவது வரியை எழுத முடியாது.