காயமும் காப்பாளரும்

கனடா தேசத்தின் ஒண்டாரியோ மாகாணத்திலே, இன்று கேம்பிரிட்ஜ் நகரத்தோடு இணைந்துவிட்ட கால்ட் என்னும் ஊரில், 1933ஆம் ஆண்டில் அரசாங்கம் பெண்பிள்ளைகளுக்கென ஒரு சீர்திருத்தப் பள்ளியை ஸ்தாபித்தது. பிற்காலத்தில் கிராண்ட்வியூ என்று பெயர் பெற்ற அவ்விடத்திற்கு அனுப்பப்பட்டவர்களிற் பலர் யாதொரு குற்றமும் இழைத்தவரல்லர். வீட்டுக்கு அடங்காதவர்கள் என்னும் காரணமே அவர்களை அங்கே அடைத்து வைக்கப் போதுமானதாயிருந்தது.

தம் உடலைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் வழக்கம் அப்பெண்களிடையே எவ்வளவு பரவியிருந்ததென்பதை ராபர்ட் ராஸ், ஹ்யூ மக்கே என்னும் உளநூல் ஆராய்ச்சியாளர் இருவர் 1979இல் வெளியிட்ட நூல் காட்டுகிறது: அவர்கள் ஆராய்ந்த 136 பேரில் 117 பேரிடம் அவ்வழக்கம் இருந்தது. உடலை வருத்திக்கொள்ளும் செயலில் உயிரைக் காத்துக்கொள்ளும் முயற்சியும் மறைந்திருக்கிறதென்று அமெரிக்க மனநோய் மருத்துவர் கார்ல் மெனிஞ்சர் 1938ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தபோதிலும், காப்பதற்கென்று நியமிக்கப்பட்டோர் பலருக்கு அது கீழ்ப்படியாமையாகவோ, பிறர் கவனத்தைக் கவரும் உபாயமாகவோதான் தோன்றிற்று. ஆகவே அடக்கப் பிரயத்தனம் செய்தார்கள்; அடக்க அடக்க அது பெருகிற்று. அப்பெண்களையே துணைவர்களாகக் கொண்டு, அவர்கள் பேச்சுக்கும் விருப்பத்துக்கும் இடமளித்த பின்னரே அது தணிந்ததென ராஸும் மக்கேயும் எழுதினார்கள். அதிகாரமனைத்தையும் இழந்த பிள்ளைக்குத் தன் உடலொன்றே தன் ஆளுகையில் எஞ்சியிருந்தது என்னும் உண்மையை அவர்கள் உணர்ந்தது பெரிய காரியமே.

எனினும் அது பாதி உண்மைதான். 1976இல் பள்ளி மூடப்பட்டுப் பல ஆண்டுகள் சென்றபின், அங்கே வளர்ந்த பெண்கள் 1990களில் முன்வந்து, காப்பாளர் சிலராலேயே தாம் அடியும் பாலியல் கொடுமையும் அனுபவித்த வரலாற்றைப் பகிரங்கமாகக் கூறினர். முன்னாள் ஊழியர் சிலர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர்; 1994இல் அரசாங்கம் அப்பெண்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் நஷ்டஈட்டோடு, உடலிலிருந்த தழும்புகளைக் குறைக்கும் சிகிச்சையும் இடம்பெற்றது; 1999இல் மாகாண சட்டசபையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரிற்று.

பெண்பிள்ளைகளின் குணத்திலும் கூட்டுறவிலும் காரணத்தைத் தேடியவர்கள், அவர்களை அடைத்து வைத்த வீட்டின் குணத்தை விசாரிக்கத் தவறினார்கள். ஆதலால், பிறர் பெற்ற பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றோர், ஒரு பிள்ளையின் காயத்தைக் காணுந்தோறும் கோபத்தையும் தண்டனையையும் விலக்கி, புண்ணுக்கு மருந்திட்டு, மருத்துவர் துணையை நாடி, அப்பிள்ளை சொல்வதைப் பொறுமையோடு கேட்பதுடன், தம் இல்லத்தில் அதற்குத் தீங்கிழைப்பவர் உளரோவென்று அஞ்சாது ஆராயவும் கடமைப்பட்டவராவர்.